கொடிக்கு வாடை, பாய்க்குச் சோழகம்

கனிசியஸ் தன்னை நடிகர் என்று சொல்லிக்கொள்வார். அவருடைய ஊரான குருநகர் அவரை நாடகத் திரைகளில் சீன் கீறுகிறவர் என்று சொல்லும். இரண்டுமே பிழை என்று காட்ட ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. அந்தப் பின்னேரத்துக்கு வந்து சேரத்தான் அவருக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

கடற்றொழிற் குடும்பம். பதினாறு வயதில் ஒரேயொரு நாள் இன்னாசித்தம்பியரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். கோயில் கோபுரம் கண்ணுக்கு மறைய முன்னமே வயிற்றிலிருந்த பழஞ்சோறு முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வலைக்குள் சுருண்டு கிடந்து, மாதாவைக் கூப்பிட்டபடி திரும்பி வந்தார். இன்னொருவரென்றால் வெட்கப்பட்டிருப்பார். கனிசியஸ் கடலை மன்னிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று தொடக்கம் கடல் என்பது மூளை குறைந்த ஆட்கள் போய்வருகிற இடம் என்று அவருக்குப் பட்டது. கரையில் குடியிருந்ததும் அதே ஆட்கள்தான் என்பதால் ஊரைப் பற்றிய அபிப்பிராயத்துக்கும் அவர் புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தூரிகை பிடிக்க எங்கே பழகினார் என்று யாருக்கும் தெரியாது. வள்ளங்களுக்குப் பெயர் எழுதினார். சேமக்காலையில் கல்லறைச் சிலுவைகளுக்கும் பெயர் எழுதினார். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே கறுப்பு. தொழிலுக்குப் போகிறவனும் போய்ச் சேர்ந்தவனும் அவருடைய தூரிகைக்கு ஒன்றுதான். கோயில் நாடகங்களுக்குப் பின்னால் தொங்குகிற சீன்களைக் கீறத் தொடங்கியது எழுபதாம் ஆண்டில். அரண்மனை, காடு, தெரு, சிறைச்சாலை. அரண்மனைத் தூண்கள் எல்லாம் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் சரிந்தே நிற்கும். மண்ணெண்ணெய் விளக்கோ மின்சாரமோ, இரவு வெளிச்சத்தில் சரிவு தெரியாது. இரவு வெளிச்சம் அவருக்குச் செய்த உபகாரத்தை அவர் தன் திறமை என்று கணக்குப் பண்ணிக்கொண்டார்.

சீன் கீறுகிறவருக்கு நாடகத்தில் ஒரு சின்ன வேஷம் கொடுப்பது அந்தப் பகுதியில் வழக்கம். கலியாண வீட்டுச் சமையற்காரருக்குச் சோறு கட்டிக் கொடுத்து விடுவதுபோல. அதைத் தகுதி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, கனிசியஸ் எடுத்துக்கொண்டார். இரண்டாவது சேவகன், மூன்றாவது பிசாசு, ஏரோது ராசாவின் காவற்காரன். சேவகனுக்கு இருந்தது ஒரே வசனம்: "இவனைக் கொண்டு போங்கள்." அதை அவர் ஒரு வருடம் இழுத்த இழுப்பில், கொண்டுபோக வந்தவர்கள் ஆண்டவரைப் பிடித்தபடி காத்து நின்று, கால் மாற்றி நின்று, கடைசியில் அவர் முடிக்க முன்னமே கொண்டுபோய்விட்டார்கள். யாருமில்லாத மேடையில் மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் இறங்கினார்.

அவர் மனதில் இருந்த வேஷம் ஒன்றே ஒன்று. இராயப்பர். ஆண்டவரின் முதற் சீடராயிருந்தும் அவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவியதும் மேடை நடுவில் விழுந்து அழுகிற அந்த இராயப்பர். அதைத் தான் ஒருமுறை செய்து காட்டினால் பிறகு குருநகரில் எவனும் தன்னைக் கீறுகிறவன் என்று சொல்ல மாட்டான் என்று நம்பினார். ஆனால் அந்த வேஷத்தைப் பதினொரு வருடமாகக் கிறகோரி வைத்திருந்தார். கிறகோரி வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. நடிப்பு வராது. குரல் மட்டும் கொழும்புத்துறை வரை கேட்கும். அதுவே போதுமென்று ஊர் நினைத்தது.

"மாடு கத்தினாலும் உவங்களுக்கு நடிப்புத்தான்" என்பார் கனிசியஸ்.

"மாடு கத்தினால் கடைசி ஆளுக்கும் கேக்கும்" என்பாள் மார்கிரட். மார்கிரட் அவருடைய மனுசி. சந்தையில் மீன் விற்கிறவள். இருபது வருடம் மீனைப் பார்த்தே விலை சொன்னவளுக்கு மனுசனைப் பார்த்து விலை சொல்ல அதிக நேரம் தேவைப்பட்டிருக்கவில்லை, சொல்லாமல் வைத்திருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆனிமாதப் பெருநாளுக்கு இராயப்பர் நாடகம் போடுவதென்று முடிவானது. யுத்தத்தில் ஊரின் மின்சாரம் போய் இரண்டு வருடம். மண்ணெண்ணெய் மருந்துபோல வந்துகொண்டிருந்தது. இரவில் வெளிச்சம் போட்டு நாடகம் வைப்பதை மேலே குண்டுகளோடு பறக்கிறவர்களும் விரும்புவதில்லை. ஆகவே பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, வெயில் விழ முன்னம் முடிப்பதென்று கோயில் பாதர் சொன்னார். பெயின்ற் என்ற சாமானைக் கடைகளில் கண்டு கனகாலம். இருந்த மற்றச் சீன் கீறுகிறவரும் கனடாவுக்குப் போய், அங்கே பனி தள்ளுவதாகக் கேள்வி. மிஞ்சியது கனிசியஸ் ஒருவர்தான் என்பதை ஊர் கவனிக்கவில்லை. கனிசியஸ் கவனித்தார்.

நாடகத்தைப் பழக்கியவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் அடைக்கலநாதன். அவருக்கு நாடகம் தெரியும் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அவரிடம் ஒரு விசில் இருந்தது. அவர் கனிசியஸைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"மாச்சாக்கு பதினாறு ஒதுக்கி வைச்சிருக்கிறன். வெட்டித் தைச்சால் கடல் ஒண்டு, முற்றம் ஒண்டு வரும். உமக்கு இந்தமுறை நூற்றுவர் தலைவன் தாறன். வாள் இருக்கு."

"இராயப்பர்" என்றார் கனிசியஸ்.

"இராயப்பர் கிறகோரியல்லோ."

"அப்ப சீனையும் கிறகோரியைக் கீறச் சொல்லுங்கோ."

அடைக்கலநாதன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டு வெளியே எடுத்தார். சீன் இல்லாத நாடகத்தைக் குருநகர் நாடகம் என்று ஒத்துக்கொள்ளாது. அது இருவருக்கும் தெரியும். அன்று பின்னேரமே கிறகோரியிடம் ஆள் போனது.

கிறகோரி கோபிக்கவில்லை. அதுதான் கனிசியஸுக்குப் பிடிக்கவில்லை.

"எடுக்கட்டும்" என்றார் கிறகோரி. "மறுதலிக்கிறது ஆருக்கும் ஏலும். பேந்து அழவெல்லோ வேணும். எனக்கென்ன வேஷம்?"

"சேவல்."

"மேடைக்கு வாறதோ?"

"இல்லை, பின்னாலை நிண்டு கூவுறது."

"நல்லது. பாடமாக்க ஒண்டுமில்லை."

கனிசியஸ் கீறத் தொடங்கினார். சலவை நீலத்தைக் கரைத்துக் கடல். செங்கட்டியை இடித்து மலை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வானம். லாம்புக்கரியில் வள்ளம். எல்லாம் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை. எவ்வளவு நீலம் பூசினாலும் கோதுமை மாச்சாக்கின் எழுத்துக்கள் கலிலேயாக் கடலுக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. வள்ளத்தை ஒரு பழைய கலண்டர்ப் படத்தைப் பார்த்துக் கீறினார். அதில் பாய் வலப்பக்கம் வீங்கியிருந்தது, அப்படியே வீங்க விட்டார். கலண்டரில் கொடி இல்லை. கொடி அவருடைய சொந்தச் சேர்க்கை. பாய்மரத்தின் உச்சியில் நீளமான ஒரு சிவப்புக் கொடி, இடப்பக்கம் பறந்து, அதன் நுனி கீழே வளைந்து ஓரிடத்தைச் சுட்டுகிற மாதிரி.

மார்கிரட் மீன்கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொடி ஏன் உந்தப் பக்கம் போகுது?"

"அந்தப் பக்கத்திலைதான் நான் நிப்பன். சனத்தின்ரை கண் கொடியாலை இறங்கி நேரை என்னட்டை வரும்."

"காத்துக்கு அது தெரியுமோ?"

"நீ மீனை வில்" என்றார் கனிசியஸ்.

அவள் விற்றாள்.

பெருநாளன்று கோயில் வளவு நிறைந்திருந்தது. ஆம்பிளைகள் முழுப்பேரும் வந்திருந்தார்கள்; வராமல் இருக்கப் போக்கிடம் இல்லை. ஆழக்கடலுக்குப் போகத் தடை. எரிபொருள் இல்லாமல் மோட்டர்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, தகப்பன்மார் காலத்துப் பாய்களைத் தட்டியெடுத்துக் கட்டி, கரையோடு கரையாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் கரையில் குந்தியிருந்து காற்றைப் பார்ப்பதுதான் தொழில். காற்றைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு சபை அந்தக் கோயில் வளவில் அதற்கு முன் கூடியிருக்காது. அவர்கள் முன்னால், நாலு மணி வெயிலில், கனிசியஸின் கடல்.

விசில் ஊதியது. முன்சீலை விலகியது. சனம் முழுக்க ஒரேயடியாக அமைதியானது. சரிகை வைத்த அங்கியும் சணல் தாடியுமாகக் கொடி சுட்டிய இடத்தில் நின்ற கனிசியஸுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த அமைதிக்காகத்தானே இவ்வளவு வருடம். ஒரு கையை நெஞ்சில் வைத்து வாயைத் திறந்தார்.

"தம்பி கனிசியஸ்" என்று முன்வரிசையிலிருந்து இன்னாசித்தம்பியரின் குரல் வந்தது. கோபமில்லாத, அக்கறையான குரல். "கொடி வாடைக்குப் பறக்குது. பாய் சோழகத்துக்கு வீங்கியிருக்கு. நீ எந்தக் காத்திலை போறாய் எண்டு சொல்லு."

வாடை வடகிழக்கால் வருகிற காற்று, சோழகம் தென்மேற்கால் வருகிறது. இரண்டும் ஒரு வள்ளத்தில் சந்தித்ததாகக் குருநகரின் ஞாபகத்தில் இல்லை. முதலில் இரண்டுபேர் சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்புப் பின்னால் போனது. சிலர் சிரிக்கவில்லை. அவர்கள் அதைவிட மோசம், விவாதிக்கத் தொடங்கினார்கள். பாய் சரியென்றும் கொடிதான் பிழையென்றும் ஒரு கட்சி. கொடி பொய் சொல்லாது, பாயைத்தான் மாற்றிக் கட்டியிருக்கிறான் என்று மற்றக் கட்சி.

கனிசியஸ் வேஷத்தை மறந்து ஒரு அடி முன்னால் வந்தார். "இது கலிலேயாக் கடல். குருநகர்க் கடல் இல்லை."

"அங்கையும் ஒரு நேரத்திலை ஒரு காத்துத்தான், மோனை, அடிக்கும்" என்றார் இன்னாசித்தம்பியர்.

"வயித்தைப் பிரட்டுதோ எண்டு கேளுங்கோ" என்றது பின்வரிசை.

ஆண்டவர் வந்து அழைத்து, இராயப்பர் வலையை விட்டுப் பின்தொடர்ந்து, முதற்பாதி ஒருவழியாக முடிந்தது. அதில் அவர் பேசிய எதுவும் எவருடைய காதிலும் விழவில்லை. சனம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது நடந்தது என்றும் சொல்லலாம். கண் கொடியில் ஏறியது, இறங்கி அவரிடம் வரத்தான் மறந்துவிட்டது.

இடைவேளையில் கனிசியஸ் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் ஒரு பெட்டியில் குந்தியிருந்து, தன் கூவலுக்காக மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் கிறகோரி. பாதர் வந்தார்.

"கனிசியஸ், அந்தக் கொடி..."

"கொடி நான் கீறேல்லை, பாதர். வள்ளம்தான் நான். கொடி பேந்து ஆரோ போட்டது."

பாதர் அவர் தாடியைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்தது அரியாலையிலிருந்து வந்திருந்த கனிசியஸின் மச்சாள், பாலேஸ்வரி. சைவ வீட்டில் கலியாணம் முடித்த ஒன்றுவிட்ட தம்பியின் மனுசி. கடலைப்பற்றி ஒன்றும் தெரியாதவள். ஆனாலும் சிரிப்புத் தொற்றிவிட்டது.

"உதை நீங்களோ கீறினது, அத்தான்?"

"நான் சொல்லிக் குடுத்தது மட்டும்தான். கைவேலை வேறை ஆக்கள்."

மூன்றாவதாக வந்தவரைக் கனிசியஸுக்கு முகம் தெரியாது. கண்ணாடி, தோளில் துணிப்பை, கறள் பிடித்த சைக்கிளின் கிளிப் இன்னும் காற்சட்டைக் காலில். குருநகரிலிருந்து சைக்கிளில் மிதித்துப் போகிற தூரத்திலிருந்த திருநெல்வேலியில் ஒரு நாடகக் குழு வைத்திருக்கிற தியாகராசா. அந்தக் குழுவின் நாடகமொன்றைக் கனிசியஸ் ஒருமுறை பார்த்திருந்தார். சீன் இல்லை, கறுத்தத் துணி. ஆறு பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், அது காடு என்று சொன்னார்கள். 'மரம் கீறத் தெரியாத குறைக்கு மனுசரை மரமாய் நிப்பாட்டுறாங்கள்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"அண்ணை" என்றார் தியாகராசா, "அந்தக் கடலைக் கீறினது ஆர்?"

கனிசியஸ் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியாது. நான் நடிகன். சாக்கு மனேச்சரின்ரை, சீனும் அவரின்ரைதான். அவரைக் கேளுங்கோ."

பெட்டியில் இருந்த கிறகோரி எழும்பினார், தொண்டையைக் கனைத்தார், அந்த இடத்திலேயே வளவு அதிரக் கூவினார்.

"இப்ப எதுக்குக் கூவுறாய்?" என்றார் கனிசியஸ்.

"குரல் இருக்கோ எண்டு பாத்தனான்" என்றார் கிறகோரி.

தியாகராசா நாலடி தள்ளி நின்ற அடைக்கலநாதனிடம் போயிருந்தார். அவர் சொன்னது முழுதும் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. புது நாடகம் ஒன்று எழுதியிருக்கிறாராம். அதன் பிரதான பாத்திரம் ஒரு ஓவியன். நாடகம் முழுக்க மேடையில் நின்று கீறிக்கொண்டே நடிக்க வேண்டும். உண்மையில் கீறுகிற ஒருவரைத்தான் ஒரு வருடமாகத் தேடுகிறாராம். "ஒரு வள்ளத்துக்கு இரண்டு காத்து. உப்பிடி யோசிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும், ஐயா. உது என்ன கருத்திலை கீறினனீங்கள்?"

அடைக்கலநாதன் ஒரு கணம் விசிலைத் தடவினார். பத்து வருடம் சங்கக்கடை நடத்தி, இல்லாத சீனிக்கு ஒவ்வொரு நாளும் காரணம் சொன்ன மனுசன்.

"ஒண்டு உலகத்தின்ரை காத்து" என்றார். "மற்றது ஆவியின்ரை காத்து. இராயப்பர் நடுவிலை."

பிறகு விசில் ஊதினார்.

கனிசியஸ் முற்றத்துச் சீனுக்கு முன்னால் போய் நின்றார். வேலைக்காரியாக நடித்த றோஸ் கேட்டாள், 'அந்த மனிதரை நான் அறியேன்' என்று அவர் மறுதலித்தார். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் மறுதலித்தார். மூன்றாவது முறை வசனம் வாயில் வரவில்லை. பிந்தி வந்தது, தாழ்ந்த குரலில், பழக்கிய இடத்தில் இல்லாமல். கிறகோரி கூவினார். கனிசியஸ் இரண்டு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய விதமாக முழங்காலில் விழவில்லை. சாக்கு விழுவதுபோல விழுந்தார். சணல் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மூக்கு வழிய, ஊளையிட்டு அழுதார். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இன்னாசித்தம்பியர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அழுகைக்கு மட்டும் காத்துச் சரி" என்றார்.

ஊர் அதை நடிப்பென்று நினைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் கனிசியஸ் மேடையில் நடிக்காமல் நின்றது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். அதற்குத்தான் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அதையும் மறந்து, 'இரட்டைக்காத்து' என்ற பட்டத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கிழமை கழித்துக் கனிசியஸ் சைக்கிளில் பலாலி வீதியால் மிதித்துத் திருநெல்வேலிக்குப் போனார். தியாகராசாவின் அறையைத் தேடிப் பிடித்தார். உண்மை பேசுவதற்கென்று அவர் அவ்வளவு தூரம் மிதித்தது அதுதான் முதல்தடவை.

"அந்தச் சீன் நான்தான் கீறினனான்."

"அண்டைக்குத் தெரியாதெண்டு சொன்னனீங்கள், அண்ணை."

"அண்டைக்குச் சனம் சிரிச்சது."

தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரியாதையான பெடியன், பரீட்சை வைக்காமல் தள்ளிவிட மனமில்லை. "சரி, அப்ப சொல்லுங்கோ. கொடி ஏன் மற்றப் பக்கம் பறக்குது?"

கனிசியஸ் வாய் திறந்தார். உலகத்தின் காற்று, ஆவியின் காற்று என்று சொல்லியிருக்கலாம், தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டதுதான். ஆனால் உண்மை சொல்ல வந்த நாளில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நான் அந்தப் பக்கம் நிண்டனான். கொடி என்னைக் காட்ட வேணுமெண்டு கீறினனான்."

தியாகராசாவின் முகத்தில் பரிதாபம் வந்தது. இவ்வளவு ஆழமான ஒரு படைப்பை இவ்வளவு சில்லறை நினைப்புள்ள ஒரு மனுசர் செய்திருக்க முடியாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பனங்கட்டியும் கொடுத்தார். பாத்திரத்தைக் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் நாடகம் மேடையேறியது, திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில். கனிசியஸ் போவதில்லை என்று மூன்று நாள் சொல்லி, நாலாம் நாள் மார்கிரட்டையும் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார். நேராக ஒரு கோடு இழுக்கத் தெரியாத அடைக்கலநாதன் வெள்ளை வேட்டியோடு மேடை நடுவில் நின்றார். அவர் கையில் விளக்குமாறு. வாளிக்குள் தோய்த்துத் தோய்த்து, தொங்கிய துணியில் அடித்தார். பின்னால் ஆறு பெடியள் கைகோத்து ஆடினார்கள். அது அலை. விளக்குமாறு ஒரு அடி அடிக்க, படித்த சனம் ஒரு பெருமூச்சு விட்டது. சாக்குக் கொடுத்தவரே இப்படியென்றால், விளக்குமாறு கொடுத்தவர் வந்திருந்தால் இன்னும் எப்படி இருந்திருக்கும் என்று கனிசியஸ் யோசித்தார்.

பக்கத்துக் கதிரையில் கோப்பாய்க்காரர் ஒருவர். நாடகம் தொடங்க முன்னம் எந்த ஊர், என்ன பாடு என்றெல்லாம் விசாரித்திருந்தார். இப்போது கனிசியஸின் முழங்கையைத் தட்டினார்.

"உவர் உங்கடை குருநகர் ஆளாமே. பெரிய ஓவியராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கனிசியஸ் மேடையைப் பார்த்தார். விளக்குமாற்றைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, இடத்தில் நிறுத்தி, இழுக்காமல், தேவையான அளவு தாழ்த்திச் சொன்னார்.

"அந்த மனிதரை நான் அறியேன்."

முன்வரிசையில் இரண்டுபேர் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பாய்க்காரர் வாயைப் பிளந்தார்.

"என்ன குரலப்பா. நீங்கள் நடிக்கிறனீங்களோ?"

"ஓம்" என்றார் கனிசியஸ்.

மற்றப் பக்கத்துக் கதிரையில் இருந்த மார்கிரட் அதைக் கேட்டாள். மறுக்கவில்லை.